மாற்று வணிக மையங்கள்: ஆசிய நகரங்கள் உணர்த்தும் பாடம்

ஆசியாவின் பெருநகரங்கள் பலவற்றில் அரச அலுவலகங்களும் வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் பழைய துறைமுகத்தையோ கோட்டையையோ அண்டிய சிறு நிலப்பரப்பினுள்ளேயே குவிந்திருப்பதை நாம் காண்கின்றோம். காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே திசையில் செல்வதும் மாலையில் அதே வழியில் திரும்புவதும் இந்நகரங்களின் அன்றாட அவலமாகும். காணியின் விலை ஏற ஏற, உழைப்போரின் குடியிருப்பு வேலைத்தலத்திலிருந்து மேலும் விலகிச் செல்கின்றது. இந்நெருக்கடிக்குத் தீர்வாகவே மாற்று வணிக மையம் என்னும் எண்ணக்கரு முன்வைக்கப்படுகின்றது.

இதில் வெற்றி கண்ட நகரங்களுள் டோக்கியோ முதன்மையானதாகும். மருனோச்சிப் பகுதியின் சுமையைக் குறைக்கும் பொருட்டு, 1958ஆம் ஆண்டின் தலைநகரப் பிராந்தியத் திட்டம் ஷின்ஜுகு, ஷிபுயா, இகெபுகுரோ ஆகியவற்றைத் துணை மையங்களாக வகுத்தது. ஷின்ஜுகுவில் இருந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1965இல் மூடப்பட்டு, அந்நிலத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. 1991இல் மாநகர அரசின் தலைமையகமே அங்கு இடம்பெயர்ந்தது. எனினும் இவ்வெற்றிக்கு அடிப்படை கட்டடங்களல்ல. யமனோத்தே வட்ட ரயில் பாதையும் புறநகர் ரயில் பாதைகளும் சந்திக்கும் இடங்களாக இம்மூன்றும் ஏற்கனவே விளங்கின. மக்கள் வந்திறங்கும் இடத்திற்கே வேலைவாய்ப்பும் கொண்டுசெல்லப்பட்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

மும்பையின் அனுபவம் இதனின்றும் வேறானது. தென்முனையின் நெரிசலைத் தணிக்கவென நவி மும்பையை அமைக்கும் பொருட்டு 1970இல் சிட்கோ என்ற அரச நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஆயினும் அதே காலப்பகுதியில் தெற்கே கடல் நிரப்பப்பட்டு, நரிமன் பொயின்ற்றில் அலுவலகக் கோபுரங்கள் எழவும் இடமளிக்கப்பட்டது. மாநிலத் தலைமைச் செயலகமும் தெற்கை விட்டு அகலவில்லை. நவி மும்பையின் வாஷியை ரயில் எட்டியது 1992இல்தான். பின்னர் நகரின் நடுப்பகுதியில் பாந்த்ரா-குர்லா வளாகம் நிதித்துறையின் புதிய மையமாக வளர்ந்தது. அங்கும் மெட்ரோ ரயில் வந்து சேர 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஊழியர்கள் பாந்த்ரா, குர்லா நிலையங்களில் இறங்கி பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அலைய நேர்ந்தது.

எமது கொழும்பின் நிலை யாது? 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்கு மாற்றப்பட்டது. பத்தரமுல்லையில் செத்சிறிபாய, இசுறுபாய முதலிய அரச அலுவலகத் தொகுதிகளும் அமைந்தன. நோக்கம் நன்றே, ஆனால் பத்தரமுல்லைக்கு ரயில் பாதை இல்லை. அக்குறையை நீக்கியிருக்கக்கூடிய, கோட்டையையும் மாலபேயையும் இணைக்கும் இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. மறுபுறம், 269 ஹெக்டேயர் பரப்பில் உருவாகிய துறைமுக நகரம், ஏற்கனவே நெரிசல் மிக்க கோட்டைப் பகுதியை ஒட்டியே அமைந்துள்ளது.

இவ்வனுபவங்களிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. முதலில் பொதுப் போக்குவரத்து, அதன் பின்னரே கோபுரங்கள் என்ற ஒழுங்கு பேணப்படல் வேண்டும். புதிய மையத்தை அறிவிக்கும் அரசு, பழைய மையத்தையும் அதே வேகத்தில் விரிவாக்குமாயின் தன் நோக்கத்தைத் தானே முறியடிப்பதாகவே முடியும். அத்துடன், சாதாரண ஊழியருக்கும் கட்டுப்படியாகும் வீடுகள் புதிய மையத்தின் அருகிலேயே அமைய வேண்டும். இன்றேல் நெரிசல் இடம் மாறுமேயன்றிக் குறையாது. அதற்கான விலையை நாளாந்தம் பஸ்ஸில் நின்றுகொண்டு செலுத்துபவன் சாதாரண குடிமகனே.