புறவடியால் புகழ் பெற்றவர்

அமெரிக்க நாட்டினர் கால்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. அதில் பயன்படும் பந்து இரு முனையும் கூர்த்து நீண்டிருக்கும். அணிக்கு 11 பேர் ஆடுவர், பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர், ஒருவருக்கொருவர் எறிவர், எதிர்த்து வருவோரை மோதி வீழ்த்துவர். காலுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. ஆயினும் அக்குறைந்த வேலையே பல ஆட்டங்களின் வெற்றி தோல்வியை முடிவு செய்துவிடுகின்றது.

பந்தை ஏந்திச் சென்று எல்லைக்கோட்டைக் கடக்க இயலாதபோது, அதனைத் தரையில் நிறுத்தி உதைப்பதுண்டு. 10 அடி உயரத்தில் உள்ள குறுக்குச் சட்டத்திற்கு மேலாக, 18 அடி 6 அங்குல இடைவெளியுடைய இரு கம்பங்களுக்கு நடுவே பந்து சென்றால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். இதனைப் ‘பீல்டு கோல்’ என்பர். ஒருவர் பந்தைத் தம் கால்களுக்கு இடையே பின்னோக்கி எறிவார். ஏறக்குறைய 7 கஜ தூரத்தில் மண்டியிட்டிருக்கும் மற்றொருவர் அதனைப் பிடித்து நிறுத்துவார். மூன்றாமவர் ஓடிவந்து உதைப்பார். இவையாவும் ஒன்றரை நொடிக்குள் முடிதல் வேண்டும். சிறிது தாமதித்தாலும் பாய்ந்து வரும் எதிரணியினரின் கை பந்தைத் தடுத்துவிடும்.

இவ்வாறு உதைப்போர் நெடுங்காலம் நேராக ஓடிவந்து, பெருவிரல் முனையாலேயே பந்தை உதைத்து வந்தனர். அதன்பொருட்டு முனை தட்டையான காலணியையும் அணிந்தனர். ஐரோப்பியச் சிறுவர்களோ கால்பந்தைப் பக்கவாட்டில் வந்து, பாதத்தின் மேற்புறமாகிய புறவடியால் உதைத்துப் பழகியவர்கள். அம்முறையில் இடுப்புச் சுழல்வதால் கால் வில்போல் வளைந்து விரைந்து வருகின்றது. பந்தின்மேல் படும் பரப்பும் மிகுதி. 1956ஆம் ஆண்டு ஹங்கேரியில் எழுந்த புரட்சி ஒடுக்கப்பட்டபின் அந்நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பமொன்றின் மைந்தர் பீட் கோகொலாக், 1964இல் பபலோ அணியில் சேர்ந்து, இம்முறையைத் தொழில்முறை ஆட்டத்திற்குக் கொணர்ந்தார். அவர் திறந்த வழியே வந்து, அவரினும் நெடுங்காலம் ஆடியவர் நார்வே நாட்டு யான் ஸ்டெனரூட் ஆவார்.

ஸ்டெனரூட் 1942ஆம் ஆண்டு, ஆஸ்லோ நகருக்கு அண்மையிலுள்ள பெட்சுண்டு என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் கால்பந்து ஆடினார் எனினும், அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது அவ்வாட்டம் அன்று. காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனிமலைச் சரிவில் வழுக்கி வந்து, மேடை முனையினின்று வெளியிலே பாயும் பனிச்சறுக்குத் தாண்டலில் அவர் வல்லவர். அதற்காகவே மான்டானா மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்கு உதவித்தொகை அளித்தது. கால்களுக்கு வலிமை சேர்க்க அவர் விளையாட்டரங்கின் படிகளில் ஏறியிறங்கி ஓடுவது வழக்கம். ஒருநாள் அங்கே பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்களுடன் சேர்ந்து தாமும் உதைத்தார். அதனைக் கண்ணுற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர், கால்பந்துப் பயிற்சியாளரிடம் சென்று செய்தியைக் கூறினார். விளையாட்டாக உதைத்த உதை வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது. 1965இல் அவர் 59 கஜ தூரத்திலிருந்து ஒரு பீல்டு கோல் அடித்தார்.

1967இல் கான்சாஸ் நகர அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1970 ஜனவரி 11ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த ‘சூப்பர் பௌல்’ இறுதியாட்டத்தில் அவ்வணி மினசோட்டா அணியை 23-7 என வென்றது. அன்று முதல் ஒன்பது புள்ளிகளும் ஸ்டெனரூட்டின் காலால் வந்தவையே. அவற்றுள் 48 கஜ தூரத்து உதை, இறுதியாட்டங்களின் சாதனையாக 24 ஆண்டுகள் நிலைத்தது.

ஆனால் உதைப்பவரின் தொழில் கொடியது. ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் களத்தின் ஓரத்திலே நிற்பார். தோழர்கள் மண்ணிலே புரண்டு போராடுவதைப் பார்த்திருப்பார். பின்னர் ஒரே நொடியில் அவர்கள் உழைப்பு முழுவதும் அவர் காலிடத்து ஒப்படைக்கப்படும். 1971ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று கான்சாஸ் நகர அணி மயாமி அணியை எதிர்த்து ஆடியது. இரு அணிகளும் சமநிலையில் நிற்க, ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளையில், 31 கஜ தூரத்திலிருந்து உதைக்கும் வாய்ப்பு ஸ்டெனரூட்டுக்கு வந்தது. அவரைப் போன்றவர்க்கு அஃது எளிய தூரம். பந்து விலகிச் சென்றது. கூடுதல் நேரத்தில் அவர் உதைத்த மற்றொன்றை எதிரணியினர் தடுத்துவிட்டனர். 82 நிமிடம் 40 நொடி ஆட்டம் நீண்டபின், மயாமியின் காரோ எப்ரேமியன் 37 கஜ தூரத்திலிருந்து உதைத்து அதனை முடித்தார். அவர் சைப்பிரஸ் தீவில் பிறந்த ஆர்மீனியர். அவரும் புறவடியால் உதைப்பவர். அமெரிக்கர் தமக்கே உரியது எனக் கருதிய ஆட்டத்தின் மிக நீண்ட போட்டியை, கடல் கடந்து வந்த இருவரின் கால்கள் முடிவு செய்தன!

இத்தகையோரின் திறத்தால் பீல்டு கோல்கள் பெருகவே, 1974இல் விதிகளே மாற்றப்பட்டன. எல்லைக்கோட்டின்மேல் நின்ற கம்பங்கள் 10 கஜம் பின்னே நகர்த்தப்பட்டன. உதைப்போர் அதற்கும் பழகிக்கொண்டனர்.

13 ஆண்டுகள் ஆடியபின், 1980இல் கான்சாஸ் நகர அணி ஸ்டெனரூட்டை விலக்கியது. அவர் காலம் முடிந்தது எனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வாண்டே கிரீன்பே அணி அவரை ஏற்றது. அடுத்த ஆண்டு 24 முறை உதைத்து 22 முறை வென்றார். அவ்வளவு உயர்ந்த விகிதத்தை அதற்குமுன் எவரும் ஒரு பருவத்தில் எய்தியதில்லை. பின்னர் மினசோட்டா அணியில் இரண்டாண்டு ஆடி, 1985ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓய்வு பெற்றார். 19 பருவங்களில் அவர் அடித்த பீல்டு கோல்கள் 373. அதுவரை எவரும் அத்துணை அடித்ததில்லை. பெருவிரலால் உதைக்கும் பழைய முறையைக் கைக்கொண்ட கடைசி முழுநேர உதைப்பாளரும் 1986இல் களத்தை விட்டு அகன்றார்.

ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில் இவ்வாட்டத்தின் பெருமக்களுக்கென ஒரு புகழ்மண்டபம் உண்டு. உதைப்பது ஒன்றையே தொழிலாகக் கொண்டவருள் அதில் முதன்முதலாக இடம்பெற்றவர் ஸ்டெனரூட், ஆண்டு 1991. இரண்டாமவர் இடம்பெற மேலும் 26 ஆண்டுகள் சென்றன. 2017இல் அவ்விடத்தைப் பெற்ற மார்ட்டன் ஆண்டர்சன், டென்மார்க்கு நாட்டிலிருந்து பள்ளி மாணவராக அமெரிக்கா வந்தவர்.