கைம்பெண்களின் முறைப்பாடும் நமது அருட்பணிச் சபையும்



தொடக்கத் திருச்சபையில் அன்றாடப் பங்கீட்டின்போது தம் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லையெனக் கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அவர்களை அதட்டவில்லை, நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு சீடர்களிடம் கூறினர் (தி.ப. 6:1-6).

நமது கிராமத்து அருட்பணிச் சபையின் நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள்: கொடியேற்றம், நவநாள், சோடனை, ஒலிபெருக்கி. இவையும் வேண்டியவையே. ஆயின், மருந்துக்கு வழியற்ற முதியவரும், பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையும் அதில் எத்தனையாம் இலக்கத்தில் வருகின்றனர்?

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 536ஆம் சட்டம், பங்குத்தந்தையின் தலைமையில் கூடும் இச்சபைக்கு ஆலோசனை கூறும் உரிமையை மட்டுமே வழங்குகின்றது. அதிகாரம் இல்லையே என வருந்தவேண்டாம். குருவானவர் காணாத கண்ணீரை அயலவரான நீங்கள் காண்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில், திருவிழாக் கணக்குக்கு முன்பாக, அவ்வீட்டின் தேவையை எடுத்துரையுங்கள். அதுவே உங்கள் ஆலோசனையாகட்டும்.