கொன்றை பூக்கும் காலத்திற் குடும்பப் படம்

மேனாட்டார்க்கு உள்ளது போன்ற வசந்தகாலம் நமக்கு இல்லையே எனக் குறைப்படுவார் உளர். யப்பானியர் செர்ரி மரங்கள் பூக்கும் சில நாள்களுக்காகக் காத்திருந்து, அவற்றின் கீழே குடும்பத்தோடு கூடிப் படமெடுத்துக்கொள்வதைக் கண்டு ஏங்குவாரும் உளர். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இவ்வேக்கம் வேண்டுவதில்லை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் முள்முருக்கு சிவக்கின்றது, வேம்பு பூக்கின்றது, சித்திரை பிறக்கும் வேளையிற் கொன்றை தன் இலைகளை உதிர்த்துப் பொற்சரங்களைத் தொங்கவிடுகின்றது. செர்ரிப் பூ ஏறத்தாழ ஒரு வாரத்தில் உதிரும். கொன்றையோ வாரக்கணக்காய் நின்று பூக்கும்.

புத்தாண்டும் அப்போதுதான் வருகின்றது. மருத்துநீர் வைத்து, புத்தாடை உடுத்து, கைவிசேடம் பெறுவதற்கு வெளியூர்ப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். மட்டக்களப்பிற் குடி தாய்வழியே எண்ணப்படுவது. வீடும் பெண்மக்களுக்கே சீதனமாய்ச் சேர்வது. ஆதலால் எல்லாரும் கூடுமிடம் பெரும்பாலும் அம்மம்மாவின் வளவாகவே இருக்கும். படத்தின் நடுவே நாற்காலியில் அமரவேண்டியவரும் அவரே. "எனக்கேன் மனே படம்?" என்று அவர் மறுப்பார், விட்டுவிடாதீர்கள்.

நேரத்தை முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். ஏப்பிரல் 5 முதல் 15 வரையில் நண்பகற் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்பது. விருந்துண்ட கையோடு எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினாற் கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் வாயில் விழுந்து, அழகிய முகங்களும் கடுகடுத்துத் தோன்றும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 4½ மணிக்குப் பின்னுமே நல்ல வெளிச்சம். புண்ணியகாலம் காலையில் வருவதாகப் பஞ்சாங்கம் காட்டினால் மாலையைக் கொள்க.

வாவியும் படத்தில் வரவேண்டுமென விரும்புவோர்க்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே வழிகாட்டும். சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அவர்கள் வழங்கினர். எழுவான்கரையார் காலையில் நீருக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நின்றால், இளவெயில் முகத்தில் விழ, பின்னே வாவி விரியும். படுவான்கரையார்க்கு மாலையில் மேற்கு நோக்கி நிற்பது அதே பயனைத் தரும்.

கொன்றையடியில் எடுப்பதாயின், இலையற்ற கிளைகளினூடு வெயில் புள்ளி புள்ளியாய் முகத்தில் விழும். ஆகவே நாலைந்து அடி முன்னே வந்து நிற்க. மஞ்சட் சேலை மஞ்சட் பூவில் மறைந்துபோகும். வெள்ளையும் நீலமும் எடுப்பாயிருக்கும். இன்னொன்று: படமெடுப்பவர் எப்போதும் தகப்பனாராயிருந்தால், பிற்காலத்தில் அவர் முகமே தொகுப்பில் இராது. அயல்வீட்டுப் பையனை அழையுங்கள்.

இத்துணை முயற்சி எதற்கென்று கேட்போர் இப்பகுதியின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். 1978 நவம்பர் 23இற் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. பின்னர்ப் போர்க்கால இடப்பெயர்வுகள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளையே கொண்டுபோயிற்று. சுவரில் மாட்டிய படங்களா தங்கும்? அடையாள அட்டையிலுள்ள சிறு படத்தையன்றித் தாயின் முகத்தைக் காட்ட வேறொன்றும் எஞ்சாத பிள்ளைகள் உளர்.

கைத்தொலைபேசியில் ஆயிரம் படங்கள் கிடக்கின்றன என்பது ஆறுதலன்று. அது தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போம். ஆண்டுக்கு ஒரு படத்தையேனும் தாளில் அச்சிட்டு, எழுவான்கரையார் ஒரு பிரதியைப் படுவான்கரை உறவினரிடமும், மற்றொன்றைக் கடல்கடந்த உறவினரிடமும் கொடுத்து வைப்பாராக. பின்புறத்தில் ஆண்டு, இடம், நிற்போர் பெயர், இன்னார் இன்னாருக்கு என்ன முறை என்பனவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதுக. அழுத்தி எழுதினால் எழுத்து முன்புறம் புடைத்துக்கொள்ளும். அம்மம்மாவின் தாயார் பெயரையும் அவரிடமே கேட்டு அதில் எழுதிக்கொள்ளலாம்.