கணுக்காலைக் காத்தல்

துள்ளி எழுவதும், ஓட்டத்தைச் சட்டென நிறுத்துவதும், திசை திரும்புவதும் கூடைப்பந்தாட்டத்தின் உயிர்நிலைகள். இவற்றின் பாரத்தைத் தாங்குவது கணுக்கால். 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த அவ்வாட்டத்தின் வழிவந்ததே, இலங்கைப் பெண்பிள்ளைகள் விரும்பி ஆடும் வலைப்பந்தாட்டம். பந்தைப் பற்றியவர் அதனுடன் ஓடலாகாது என்பது அதன் விதி. ஆதலின் திடீரென நிற்கும் வேலை அங்கே இன்னும் மிகுதி. வன்னியில் மண்ணிலும் கிரவலிலும் ஆடும் மாணவருக்கோ தரையின் மேடுபள்ளமும் ஓர் எதிராளியே.

சுளுக்கு எவ்வாறு நேர்கின்றது? குதித்து இறங்குகையில் பாதம் உட்புறமாக மடங்க, வெளிக்கணுவின் கீழே எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் இழுபடுகின்றன; சில வேளை கிழிகின்றன. அந்நார்கள் வெறுங் கயிறுகளல்ல. பாதத்தின் சாய்வை மூளைக்கு உணர்த்தும் நரம்பு நுனிகளும் அவற்றில் உள. நோவும் வீக்கமும் மறைந்த பின்னரும் அவ்வுணர்வு மழுங்கியிருக்கக்கூடும். ஒருமுறை சுளுக்கிய கால் மீண்டும் சுளுக்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சுளுக்கியவுடன் எண்ணெய் பூசி இழுத்து உருவும் வழக்கம் மக்களிடையே உண்டு. அது கிழிந்த நாரை மேலும் வருத்தும். துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்தலே தக்கது. நான்கு அடி நடக்க இயலாவிடினும், கணுவெலும்பை அழுத்துகையில் கடுநோவு தோன்றினும் வைத்தியசாலைக்குச் சென்று எக்ஸ்ரே படம் எடுத்தல் வேண்டும்.

மழுங்கிய உணர்வை மீட்கும் பயிற்சிக்குப் பொருட்செலவு இல்லை. ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்க வேண்டும். அது கைவந்தபின் கண்ணை மூடி நிற்க வேண்டும். பின்னர் அவ்வாறே நின்று பந்தை எறிந்து பிடிக்கலாம். குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல் கெண்டைத் தசையை உரமாக்கும். பழைய சைக்கிள் ரியூப்பைப் பாதத்திற் பூட்டி வெளிப்புறமாக இழுத்தல், பாதம் மடங்காது தடுக்கும் தசைகளை வலுப்படுத்தும். முழங்காலை மடித்து, இரு பாதமும் ஊன்ற இறங்கவும் பழகுதல் வேண்டும். முன்பு சுளுக்கியவருக்குக் கணுக்காற் கட்டும் துணை செய்யும்.

அக்காலால் மட்டும் நோவின்றித் துள்ள இயலும்வரை ஆட்டத்திற்குத் திரும்புதல் ஆகாது. போட்டி நெருங்குகின்றது என்று ஆசிரியர் அவசரப்படுவாராயின், ஒரு போட்டிக்காக ஒரு காலின் உறுதியையே பணயம் வைத்தவராவார்.