40 டிகிரியைத் தொடாத பெங்களூருவில் வெயில் உடம்பை என்ன செய்யும்?

"பெங்களூருலதானே இருக்கீங்க, அங்க என்ன பெரிய வெயில்?" ஊரிலிருந்து போனில் இப்படிக் கேட்டால், பொம்மனஹள்ளியில் ஷீட் கூரை வீட்டில் இருக்கும் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

முதலில் எண்கள். 2016 ஏப்ரலில் பெங்களூருவில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரல் இறுதியில் 38.5. இரண்டுமே அதிகாரப்பூர்வ 'வெப்ப அலை' கணக்கில் வராது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விதிப்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 தொட வேண்டும். அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரு, கணக்கில் சமவெளிதான்.

ஆனால் உடம்புக்கு இந்த விதி தெரியாதே. 2008 முதல் 2019 வரை பெங்களூரு உட்பட 10 இந்திய நகரங்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. அதில் 40 என்ற பொதுக்கோடு இல்லை. அந்தந்த ஊருக்கே அரிதான வெப்பம் எது என்று பார்த்தார்கள். அப்படிப்பட்ட கடும் வெப்பம் தொடர்ந்து 2 நாள் நீடித்தபோது, தினசரி மரணங்கள் சுமார் 14.7% கூடின.

இன்னொரு விஷயம். வானிலை மையத்தின் தெர்மாமீட்டர் நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் இருக்கிறது. ஓசூர் ரோடு பக்கத்து கார்மெண்ட்ஸ் ஆலையில் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவரின் சூடு அதில் பதிவாகாது. இரவில் ஷீட் கூரைக்குக் கீழ் அடைபட்ட சூடும் அப்படித்தான். பகலில் திணறிய இதயம் இளைப்பாறுவது இரவில்தான். அறை குளிரவில்லை என்றால் அந்த ஓய்வு கிடைக்காது.

வெப்பத்தில் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கும். வியர்வையில் நீரும் உப்பும் போகும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். 'டாய்லெட் போக விட மாட்டாங்க' என்று தண்ணீரைத் தவிர்க்கும் தையல் தொழிலாளிகளுக்கு சிறுநீர்த் தொற்றும் கல்லும் வர வாய்ப்பு அதிகம். என் பார்வையில், மோர்ப் பந்தலைவிட அவசரமானது ஆலையில் கழிப்பறை இடைவேளை. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன்பிறகு 2013-ல் அந்நகரம் தனக்கென எச்சரிக்கை அளவுகளை வகுத்துக்கொண்டது. பெங்களூருவுக்கும் அப்படியொரு சொந்தக் கோடு வேண்டும், அது 40-க்குக் கீழே இருக்க வேண்டும்.

வெயிலில் ஒருவர் உளறினால், தடுமாறினால், வலிப்பு வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடல் வெப்பம் 40-ஐத் தாண்டியிருக்கும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.