காளஹஸ்தி பகுதி மலைகளில் முகாமிடச் செல்கிறீர்களா? விளக்கு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

காளஹஸ்தி: சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய உப்பலமடுகு (தடா) அருவி, நாகலாபுரம் மலை, தலக்கோணம் ஆகியவை ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையால் ஓடைகளில் நீர் பெருகும் மாதங்களில் இங்கு மலையேற்றத்திற்கு வருவோர் பலர். அக்காலத்தில் பொழுது விரைவில் சாய்வதால், நம்பகமான விளக்கு பாதுகாப்பு சார்ந்த தேவையாகிறது.

நெருப்பு ஏன் கூடாது?

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரணாலயங்களுக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. தலக்கோணம் அமைந்துள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவிற்கும் இது பொருந்தும். மூடிய கூடாரத்திற்குள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு சேரும் அபாயமும் உண்டு. எனவே பேட்டரியில் இயங்கும் எல்இடி விளக்கே உகந்தது.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

விளக்கு உமிழும் ஒளியின் அளவு ‘லூமன்’ எனப்படும். கூடாரத்திற்குள் 50 முதல் 100 லூமன் போதுமானது. கரடுமுரடான பாதையில் நடக்க 200 லூமன் வரை தேவைப்படலாம். பாறைகளில் ஏறி இறங்க இரு கைகளும் வேண்டும் என்பதால், கையில் பிடிக்கும் டார்ச்சைவிட நெற்றியில் அணியும் தலைவிளக்கு சிறந்தது. கண்கள் இருளுக்குப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்; மங்கலான சிவப்பு ஒளி வசதி இருந்தால் அப்பழக்கம் கெடாது.

அட்டையில் உள்ள எண்களின் பொருள்

‘200 லூமன், 20 மணி நேரம்’ என அச்சிடப்பட்டிருந்தால், 20 மணி நேரமும் அதே பிரகாசம் கிடைக்கும் எனக் கருதக்கூடாது. கைவிளக்குகளுக்கான எஃப்எல்1 தர அளவீட்டின்படி, தொடக்க ஒளி 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரமே எரியும் நேரமாகக் கணக்கிடப்படுகிறது. அதாவது, இறுதியில் எஞ்சுவது 20 லூமன் மட்டுமே.

‘ஐபி’ குறியீடு தூசு, நீர் ஆகியவற்றிலிருந்து உள்ள பாதுகாப்பைக் குறிக்கும். ஐபிஎக்ஸ்4 நீர்த் தெறிப்பைத் தாங்கும். ஐபி67 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் வரை தாங்கும். ஓடைகளைக் கடந்து செல்வோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பேட்டரி கணக்கு

10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் சுமார் 37 வாட்-மணி ஆற்றல் இருக்கும். 3 வாட் விளக்கு கணக்குப்படி 12 மணி நேரம் எரிய வேண்டும். மின்னழுத்த மாற்றத்தில் ஏற்படும் இழப்பால் 8 முதல் 10 மணி நேரமே கிடைக்கும். பிஐஎஸ் பதிவு எண் உள்ள லித்தியம் பேட்டரிகளையே வாங்க வேண்டும். பழைய, புதிய பேட்டரிகளை ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாத விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்தால், கசிவால் விளக்கு பழுதாவதைத் தவிர்க்கலாம்.

விளக்கு மட்டும் காவல் அல்ல

2023 ஆகஸ்டில் திருமலை அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி 6 வயதுச் சிறுமி உயிரிழந்தார். அதன்பின் 15 வயதுக்கு உட்பட்டோர் பிற்பகல் 2 மணிக்கு மேல் அப்பாதையில் செல்ல தேவஸ்தானம் தடை விதித்தது. எவ்வளவு ஒளி வீசும் விளக்கும் வனவிலங்கு ஆபத்தை நீக்கிவிடாது.

வனத்துறை அனுமதியுடன், குழுவாக, பொழுது சாயும் முன் முகாமை அடைவதே பாதுகாப்பானது. குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு விளக்கும், பொதுவாக ஒரு மாற்று விளக்கும் இருப்பது அவசியம்.