சங்கர்லாலைத் தந்த தமிழ்வாணன்

ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி. இவை இரண்டையும் வரைந்து காட்டினால் போதும், ஒரு தலைமுறை வாசகர்கள் தமிழ்வாணன் என்று சொல்லிவிடுவார்கள்.

இராமநாதன் என்பது அவருடைய இயற்பெயர். பிறந்தது 1926ஆம் ஆண்டு, தேவகோட்டையில். பேராக்கில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் ஊர்ப்பக்கம் அது. ஆகவே ஈப்போவில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. சென்னையில் சிறுவர் இதழில் பழகிய கை, 1948இல் தொடங்கிய 'கல்கண்டு' வார இதழை நடத்தியது. துணுக்குச் செய்திகளுக்கு நடுவே அதில் வந்தவர்தான் துப்பறியும் சங்கர்லால்.

அமெரிக்காவின் டேஷியல் ஹாமெட், பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் உழைத்துவிட்டு எழுத வந்தவர். 1930இல் நூலாக வந்த அவருடைய 'மால்ட்டீஸ் ஃபால்கன்' கதையில் தெருவின் அழுக்கு அப்படியே இருக்கும். சங்கர்லாலோ பத்திரிகை மேசையில் பிறந்தவர். அவர் கசங்காத உடையோடு வெளிநாட்டு நகரங்களுக்குப் போவார். சிக்கல் முற்றினால் தேநீர் அருந்துவார். நாம் 'தே' என்கிறோம், தமிழ்வாணன் பிடிவாதமாகத் தேநீர் என்றே எழுதினார். மனித மனத்தின் ஆழத்துக்குள் அவர் அதிகம் இறங்கியதில்லை என்பது உண்மைதான். ஆனால் வாக்கியம் சிறியது, சொல் எளியது, ஆபாசம் கிடையாது. வீட்டில் யார் கையிலும் கொடுக்கலாம்.

1977இல் அவர் மறைந்தார். மணிமேகலைப் பிரசுரத்தை அவருடைய மக்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.

நம் தோட்டப்புறத்தில் இத்தகைய கதைகளுக்கு வேறொரு வேலையும் இருந்தது. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் புகுமுக வகுப்பு, மலாய்மொழிப் பாடங்கள். அல்லது படிப்பை நிறுத்திவிட்டுப் பால்மரம் வெட்டப் போக வேண்டும். பன்னிரண்டு வயதில் கற்ற எழுத்து மறக்காமல் இருக்க, கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? இலக்கண நூலை யாரும் விளக்கு வெளிச்சத்தில் விரும்பிப் படிப்பதில்லை. மர்மக்கதையைப் படிப்பார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அதைப் பிடுங்கி வைத்தது உண்டு. பிடுங்கியவர்களே படித்ததும் உண்டு! கப்பலில் பினாங்கு வந்து, ஈப்போ கடையில் வாங்கிய ஒரு புத்தகம் லயம் லயமாகக் கைமாறும். கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருந்தால், கொலையாளி யார் என்று பக்கத்து லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டியதுதான்.